மக்களாக நடிக்க ஆள் தேவை

ஓட்டு முடிந்த மறுநாள்
வகுப்புச் சுவரில் இன்னும் ஒட்டியிருந்தன
‘உள்ளே’ என்று ஓர் அம்பு,
‘வெளியே’ என்று இன்னொன்று.
எடுத்துப்போக மறந்த மறைப்பு அட்டை
மூலையில் மூன்று மடிப்பாய் நின்றது.

வியாசர்பாடி, மாநகராட்சித் தொடக்கப் பள்ளி,
நான்காம் வகுப்பு பி பிரிவு.
வாரத்தில் மூன்று அரைநாள்
ஓவியம் என்ற பெயரில் சம்பளம் வாங்குபவள் நான்.
வகுப்பாசிரியை பிள்ளைப்பேறு விடுப்பில்;
‘மக்களாட்சி’ பாடம் என் தலையில் விழுந்தது.
நான்கு வரி, கோடிட்ட இடம் ஒன்று.

கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன்.
மோகித் கொட்டாவி விட்டான்.
அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.
சரி, நாடகம் போடலாம் என்றேன்.

கல்யாணத்தில் மிஞ்சிய காகிதத் தட்டு
முப்பத்தைந்து, ஆளுக்கொரு முகம்.
‘நான் சிஎம்மு.’
‘நானும் சிஎம்மு.’
‘நான் கவர்னரு, எனக்குக் காரு வேணும்.’
மீசை வரைந்தார்கள், தோள் இல்லாமலே துண்டு வரைந்தார்கள்,
மஞ்சள் கிரயான் தீரும்வரை
மோதிரம் வரைந்தாள் ஹரிணிகா.
முகத்தில் எதற்கு மோதிரம்?
‘கும்புடு போடும்போது தெரியணும்ல.’

மக்கள் யார் என்றேன்.
மின்விசிறியின் சத்தம் கேட்டது.

‘ஜனம்னா லைன்ல நிக்கணும் டீச்சர்,
அதான் டெய்லி கொடத்தோட நிக்கிறேனே,’
என்றான் அப்சல்.

கடைசி பெஞ்சு வரை
கிரயான் வரவே இல்லை.
ரிஸ்வானாவின் தட்டில்
கண்ணுக்கு இரண்டு ஓட்டை,
வாய்க்குக் கொஞ்சம் பெரிதாக ஒன்று.
வெறும் வெள்ளையோடு எழுந்து வந்தாள்.

‘எங்க தெருவுக்குத் தண்ணி லாரி எப்ப வரும்?’

முப்பத்துநான்கு அமைச்சர்கள்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
‘நாளைக்கு,’ என்றான் மோகித்.
‘நேத்தும் அதான் சொன்னீங்க.’
‘நாளைக்குக் கண்டிப்பா.’
‘கண்டிப்பான்னா எத்தனை மணிக்கு?
எங்கம்மா வேலைக்குப் போறதுக்கு முன்னாடியா?’

அவள் நிறுத்துவதாக இல்லை.
மழைக்குச் சுரங்கப்பாதையை மூடிவிட்டால்
பள்ளிக்கு எப்படி வருவது,
கழிப்பறைத் தாழ்ப்பாள் எங்கே போனது,
சத்துணவு முட்டை சில நாள் மட்டும்
ஏன் அவ்வளவு சின்னது...

அந்தப் பக்கம்தான் வசனம் இருக்கிறதென்று
அப்சலுக்குத்தான் முதலில் புரிந்தது.
தட்டைத் திருப்பிக்கொண்டான். பின்பக்கம் வெள்ளை.
பிறகு பெனிட்டா. பிறகு கவர்னர்,
காரிலிருந்து இறங்கி, கதவை மறக்காமல் சாத்தி.
மோதிரத்தைத் திருப்ப மனமில்லாமல்
ஹரிணிகா கடைசியில் வந்தாள்.

பெஞ்சின் மேல் மோகித் மட்டும்.
எதிரே முப்பத்துநான்கு வாய்.
உதடு பிதுங்கியது.
‘நானும் வரேன்.’

‘நீயா எறங்க முடியாது,’ என்றாள் ரிஸ்வானா.
‘நாங்கதான் எறக்கணும்.’
இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறைப்பு அட்டையை மேசைமேல் நிறுத்தினோம்.
உள்ளே இரண்டு சாக்பீஸ் டப்பா:
எறங்கலாம். இருக்கட்டும்.
ஆளுக்கொரு புளியங்கொட்டை.
மோகித்துக்கு ஓட்டு உண்டா என்று
பத்து நிமிடம் சண்டை.
உண்டு. அவனும் நாலாவது பி தானே.

எண்ணினால்
முப்பத்துநான்கு. ஒன்று.
இருக்கட்டும் டப்பாவில் தனியாக,
தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்த கொட்டை.
யார் போட்டது என்று வாயெடுத்தேன்.
‘டீச்சர்,’ என்றாள் பெனிட்டா,
‘அதைக் கேக்கக் கூடாது. அதுக்குத்தானே அட்டை?’

நேற்று ராத்திரி சோறு போடும்போது
யாருக்குப் போட்டே என்று கேட்டார்.
குழம்புக் கரண்டியோடு நின்று
சொல்லிவிட்டிருந்தேன்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.
நாடகமா? ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளலாமே.
‘இதுல ராஜா யாருப்பா?’
ஏதோ ஒரு வெள்ளைத் தட்டு
பதில் சொன்னது:
‘இப்ப பெஞ்சு காலி சார்.’

மணி அடித்தது.
‘உள்ளே’ என்ற அம்பைத் தாண்டி
அத்தனை பேரும்
வெளியே ஓடினார்கள்.